நாளைய வருமானத்தில் இன்றைய ஆட்டம்

2025 மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இன்டர் மிலானை 5–0 என்று வீழ்த்தியது பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். எழுபதாண்டு வரலாறு கொண்ட அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டியில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் அதுவரை எந்த அணியும் வென்றதில்லை. அந்த அணி ஆடும் பிரெஞ்சு லீகோ அதே காலத்தில் ஒளிபரப்பாளர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்த டாசோன் நிறுவனம் முதல் ஆண்டோடு விலகிக்கொண்டது. வேறு வழியில்லாமல், லீக் நிர்வாகமே 2025 ஆகஸ்டில் ‘லீக் 1 பிளஸ்’ என்று சொந்தச் சேனல் ஒன்றைத் தொடங்கி, மாதம் 14.99 யூரோ சந்தாவுக்கு ஆள் பிடிக்க இறங்கியது.

ஐரோப்பாவின் சாம்பியனே ஆடும் லீகை விலை கொடுத்து வாங்க ஆள் வராதது எப்படி என்ற கேள்வியைத் தொடர்ந்து போனால், இன்றைய கால்பந்துத் தொழில் நிர்வாகத்தின் அடிப்படைக் கோளாறு பிடிபடும்.

பணப் பஞ்சம் அல்ல அந்தக் கோளாறு. 1992இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோது உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு ஐந்தாண்டுகளுக்கு 30.4 கோடி பவுண்டு. 2025இல் தொடங்கிய ஒப்பந்தம் நான்கே ஆண்டுகளுக்கு 670 கோடி பவுண்டு. வெளிநாட்டு உரிமைகள் தனி. இவ்வளவு வரும்படி இருந்தும் ஆண்டுதோறும் நஷ்டக் கணக்கு காட்டும் கிளப்புகள் ஏராளம். கீழ்நிலை லீகுக்கு இறங்கினால் வருமானம் அதலபாதாளத்துக்குப் போகும். மேலே ஏறினால் கொட்டும். ஆகவே ‘நாம் செலவழிக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் செலவழிப்பான்’ என்ற பயத்தில் எல்லோரும் கையில் இருப்பதைத் தாண்டிச் செலவழிக்கிறார்கள். கூடுதலாக வருவது வீரர்களின் சம்பளமாகவும் மாற்றக் கட்டணமாகவும் கைமாறிப் போய்விடுகிறது. மாந்தோப்பைப் பூப்பிடிக்கும் முன்பே குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் இந்த வருடக் கல்யாணத்தை நடத்துகிற குடும்பத்தின் நிலைதான். அடுத்த வருடமும் கல்யாணம் உண்டு என்பதுதான் சிக்கல்.

பிரான்ஸில் நடந்தது இதன் அப்பட்டமான வடிவம். 1984 முதல் பிரெஞ்சுக் கால்பந்தின் கூட்டாளியாக இருந்தது கனால் பிளஸ் தொலைக்காட்சி. 2018 மே மாத ஏலத்தில் அதை ஓரங்கட்டிவிட்டு, ஸ்பெயினைச் சேர்ந்த மீடியாப்ரோ நிறுவனத்திடம் பெரும்பான்மை ஆட்டங்களை லீக் ஒப்படைத்தது. 2020 முதல் நான்காண்டுகளுக்கு, எல்லா ஒளிபரப்பாளர்களையும் சேர்த்து ஆண்டுக்கு 115 கோடி யூரோவுக்கு மேல் வரும் என்று அறிவிக்கப்பட்டது. கிளப் தலைவர்கள் குளிர்ந்துபோனார்கள். இத்தனைக்கும் அதே மே மாதத்தில்தான் இத்தாலிய லீக், வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று சொல்லி இதே நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை ரத்து செய்திருந்தது. பக்கத்து நாட்டில் அடித்த எச்சரிக்கை மணி பாரிஸில் யார் காதிலும் விழவில்லை. பெரிய தொகை காதை அடைத்துவிட்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

2020 ஆகஸ்டில் மீடியாப்ரோவின் புதிய சேனல் மாதம் 25.90 யூரோ சந்தாவோடு வந்தது. அக்டோபரில், கொரோனாவைக் காரணம் காட்டி ஒளிபரப்பு உரிமையின் விலையைக் குறைக்கச் சொன்னது நிறுவனம். தர வேண்டிய தவணையைத் தரவில்லை. டிசம்பரில் 10 கோடி யூரோ கொடுத்துவிட்டு நடையைக் கட்டியது. வராத பணத்தை நம்பி வீரர்களுக்கு எழுதிக்கொடுத்த சம்பள ஒப்பந்தங்கள் மட்டும் கிளப்புகளின் கையில் மிஞ்சின. அடுத்த ஆண்டு, மீடியாப்ரோ விட்டுப்போன ஆட்டங்களை அமேசான் சுமார் 25 கோடி யூரோவுக்கு எடுத்துக்கொண்டது.

இந்த ஓட்டையை அடைக்க லீக் செய்த காரியம் இன்னும் விபரீதம். 2022இல் லீகின் வணிக நிறுவனத்தில் 13 விழுக்காட்டைச் சிவிசி என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 150 கோடி யூரோவுக்கு விற்றது. குறிப்பிட்ட காலத்துக்கு அல்ல, காலவரையறையே இல்லாமல். லீக் இருக்கும்வரை அதன் வருமானத்தில் சிவிசிக்குப் பங்கு. வந்த பணத்தில் பாரிஸ் அணிக்கு 20 கோடி. துறைமுக நகரமான லே ஆவ்ரின் அணிக்கு, அப்போது இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்ததால், 15 லட்சம். அடுத்த ஆண்டே லே ஆவ்ர் முதல் நிலைக்கு உயர்ந்தது. ஆக, பெரும்பங்கை வாங்கியவர்களுக்குச் சமமாக, சிவிசிக்குப் போகும் கழிவை அதுவும் சுமக்க வேண்டியதாயிற்று. அந்த கிளப் நீதிமன்றத்துக்குப் போனதில் வியப்பில்லை. பிரெஞ்சு செனட்டின் விசாரணை அறிக்கையும் 2024இல் இந்த விற்பனையைக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு டாசோன் ஆண்டுக்கு 40 கோடி யூரோ ஒப்புக்கொண்டு வந்தது. சந்தா விலை எகிறியது, ரசிகர்கள் திருட்டு ஒளிபரப்புகளுக்குப் போனார்கள், டாசோனும் போனது.

இந்தப் புள்ளிவிவரங்களுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. 1881இல் தொடங்கப்பட்ட போர்தோ கிளப், ஜினதீன் ஜிதான் இளம் வயதில் ஆடிய அணி, 2009இல் பிரெஞ்சு சாம்பியன். அதன் உரிமை 2018இல் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் போனது. மீடியாப்ரோ சரிந்து, கொரோனாவால் மைதானமும் காலியாக இருந்த 2021இல், இனி ஒரு காசும் போட மாட்டோம் என்று அவர்கள் கைகழுவினார்கள். அடுத்து வந்த உரிமையாளர் காலத்தில் அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2024 கோடையில், கடைசி நம்பிக்கையாக இருந்த விற்பனைப் பேச்சும் முறிந்தபின், 1937 முதல் வைத்திருந்த தொழில்முறை அந்தஸ்தைக் கிளப் தானே துறந்து நான்காம் நிலை லீகில் போய் நின்றது. இளம் வீரர்களை வளர்த்த பயிற்சிப் பள்ளியும் மூடப்பட்டது.

நாளைய வருமானத்தைச் செலவழிக்கும் பழக்கம் ஒளிபரப்பில் மட்டுமல்ல, கிளப்பின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வீரரை 10 கோடி யூரோ கொடுத்து வாங்கினால் அந்தத் தொகை முழுவதும் அந்த ஆண்டுச் செலவாக எழுதப்படுவதில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 2 கோடி வீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். எட்டாண்டு ஒப்பந்தம் என்றால் 1.25 கோடிதான். சட்டப்படி சரியான கணக்குமுறை இது. எந்திரம் வாங்கும் தொழிற்சாலையும் இப்படித்தான் செய்கிறது. ஆனால் 2022இல் செல்சீயை வாங்கிய புதிய நிர்வாகம் இதை எல்லைவரை இழுத்தது. 2023 ஜனவரியில் மைக்கைலோ முத்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ் இருவரும் எட்டரை ஆண்டு ஒப்பந்தங்களில் வந்தார்கள். செலவு 2030க்கு அப்பால்வரை நீட்டிப் பரப்பப்பட்டது. விழித்துக்கொண்ட ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம், யுஇஎஃப்ஏ, அதே ஆண்டு கோடையில் தேய்மானக் கணக்குக்கு ஐந்தாண்டு வரம்பு விதித்தது. அதன்பிறகு செல்சீ தனக்குச் சொந்தமான ஹோட்டல்களையும் பெண்கள் அணியையும் தன் சகோதர நிறுவனங்களுக்கே விற்று வருமானம் காட்டியது. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாலும் ஏட்டில் அது லாபம்தான். யுஇஎஃப்ஏ இவ்வகை விற்பனைகளை ஏற்கவில்லை. 2025இல் அபராதம் போட்டது.

இந்தக் கணக்குமுறைக்கு இன்னொரு பக்கம் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. விலைக்கு வாங்கிய வீரருக்கு ஏட்டில் ஒரு மதிப்பு இருக்கும். அவரை விற்றால் அந்த மதிப்புக்கு மேல் வருவதே லாபம். கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்த பையனுக்கு ஏட்டில் மதிப்பு சுழி. விற்றால் வருவது முழுக்க லாபம். இங்கிலாந்தில் 2024இல் இருந்த விதிப்படி மூன்றாண்டு நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. கணக்கு முடியும் நாள் பெரும்பாலான கிளப்புகளுக்கு ஜூன் 30. 2024 ஜூன் கடைசி நாட்களில் நியூகாசில் யுனைடெட் இந்த வரம்பில் முட்டிக்கொண்டு நின்றது. சவூதி அரசின் முதலீட்டு நிதியம் பெரும்பங்கு வைத்திருக்கும் கிளப் அது. பணத்துக்கு முடை இல்லை, கணக்கில்தான் இடம் இல்லை. சிறுவயது முதல் தங்களிடமே வளர்ந்த எலியட் ஆண்டர்சனைச் சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் விற்றார்கள். ஓராண்டுக்குப் பின் அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். நிதிக் கட்டுப்பாடு என்ற நல்ல நோக்கத்தில் எழுதிய விதி, உள்ளூர்ப் பையனை முதலில் விற்கச் சொன்னது. விதி எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்பெயினிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லலாம். 2017இல் நெய்மாரை விற்று வந்த 22.2 கோடி யூரோவைக் கண்மண் தெரியாமல் செலவழித்த பார்சிலோனா, 2021இல் 135 கோடி யூரோ கடனோடு நின்றது. லயோனல் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. 2022இல் தன் உள்நாட்டு ஒளிபரப்பு வருமானத்தில் கால் பங்கை 25 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து, அந்தப் பணத்தில் மறுபடி வீரர்களை வாங்கியது. 2047வரை அந்த கிளப்பின் தலைவராக வரப்போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோடையின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இதைத் தடுக்க முடியாதா? தடுத்த நாடு ஒன்று உண்டு. ஜெர்மனியில் ‘50+1’ விதிப்படி கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை, சில விதிவிலக்குகள் தவிர, அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் ஜெர்மன் லீக், ஒளிபரப்பு வருமானத்தில் 8 விழுக்காட்டை 20 ஆண்டுகளுக்கு விற்க முடிவெடுத்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள், தங்கநிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை எறிந்தார்கள், ரிமோட் பொம்மைக் கார்களை ஓடவிட்டார்கள். வாரக்கணக்கில் ஆட்டங்கள் பாதியில் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குழப்படி. என் பார்வையில், சொந்தக்காரர்கள் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்து மறுத்த சம்பவம்.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று; அதற்கு ஒரு கிளப் சாக வேண்டியிருந்தது. மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பரி நகரத்துக் கிளப் 1885இல் பிறந்தது. 1900, 1903 ஆண்டுகளில் எஃப்ஏ கோப்பையை வென்றது. மைதானத்தை அடமானம் வைத்து, அதன் கார் நிறுத்துமிடங்களைக்கூடத் தனித்தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தது ஒரு நிர்வாகம். அடுத்து வந்தவர் கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2019 ஆகஸ்ட் 27 அன்று, வாங்க ஆள் கிடைத்துவிட்டதாக நம்பிய நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் துணியுமாக மைதானத்துக்கு வந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே லீகிலிருந்து பரி வெளியேற்றப்பட்டது. அந்த அதிர்ச்சியும், 2021 ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் தனியாகச் சூப்பர் லீக் நடத்தப் போவதாக அறிவித்து, இரண்டே நாளில் ஆங்கிலேய அணிகள் ஆறும் பின்வாங்கிய கூத்தும் சேர்ந்து அரசை உள்ளே இழுத்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் சட்ட அதிகாரம் பெற்றது. உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது, கிளப்பின் நிதித் திட்டம் தாங்குமா என்று கேட்கும் அதிகாரம் முதன்முறையாக லீகுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் வந்திருக்கிறது.

இந்த ‘வெளியே’ முக்கியம். உலக அளவில் அப்படி யாரும் இல்லை. விதி எழுதுவது ஃபிஃபா, போட்டி நடத்திப் பணம் பார்ப்பதும் ஃபிஃபா. அங்கே விற்கப்படுவது நாளைய வருமானம் மட்டுமல்ல, வீரர்களின் கால்களும்தான்.

ஃபிஃபாவில் 211 உறுப்பினர் சங்கங்கள். தலைவர் தேர்தலில் பிரேசிலுக்கும் ஒரு வாக்கு, சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கும் ஒரு வாக்கு. சமத்துவமான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு தேர்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது. 1974இல் தலைவரான ஜோவாவ் ஹவலாஞ்ச் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கூடுதல் இடம் தருவதாகச் சொல்லித்தான் வென்றார். அவர் காலத்தில் கோகோ கோலா, அடிடாஸ் பணம் வந்தது. 16 அணிகளாக இருந்த உலகக் கோப்பை 1982இல் 24 ஆனது, 1998இல் 32 ஆனது. ஊழல் வழக்கில் 2015இல் சூரிச் ஹோட்டலில் விடியற்காலைக் கைதுகள் நடந்து, தலைவராக இருந்த செப் பிளாட்டர் போய், 2016இல் ஜியானி இன்ஃபான்டினோ வந்தார். ஆள் மாறினார், கணக்கு மாறவில்லை. அதிக அணிகள், அதிக வளர்ச்சி நிதி. 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். முன்பு 64தான்.

2025 கோடையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பை இந்த விரிவாக்கத்தின் புது அத்தியாயம். 32 அணிகள், 100 கோடி டாலர் பரிசுத் தொகை. முன்பெல்லாம் ஓய்வுக்கென இருந்த ஜூன், ஜூலை அதற்குப் போயிற்று. சின்சினாட்டியில் வெயில் தாங்காமல் டார்ட்முண்ட் அணியின் மாற்று வீரர்கள் முதல் பாதி ஆட்டத்தை உடைமாற்றும் அறைக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வீரர் சங்கங்களின் அமைப்பான ஃபிஃப்புரோவும் ஐரோப்பிய லீகுகளும் ஏற்கெனவே 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்திருந்தன: எங்களைக் கேட்காமல் நாட்காட்டியை எழுத ஃபிஃபாவுக்கு என்ன உரிமை? அதற்கு முந்தைய மாதம்தான் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டதாகச் சொன்னார். சொன்ன சில நாட்களில் ஆர்சனலுடனான ஆட்டத்தில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரு காயத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் உழைப்பாளியைக் கேட்காமல் வேலை நேரத்தைக் கூட்டும் தொழில் வேறு எங்கும் இவ்வளவு காலம் கேள்வியின்றி நடந்திருக்காது.

விரிவாக்கம் முழுக்கத் தீமை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே போட்டியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டி, பகுதிநேர வீரர்களைக் கொண்ட அணி, பேயர்ன் மியூனிக்கிடம் 10–0 என்று தோற்றது. பிறகு அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற போகா ஜூனியர்ஸோடு 1–1 என்று சமன் செய்தது. அந்த கோலை அடித்த கிறிஸ்டியன் கிரே ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர். ஐரோப்பாவின் பத்துப் பன்னிரண்டு அணிகளே உலகக் கால்பந்து என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம் நல்ல பதில். கேள்வி போட்டி நடத்தலாமா என்பதல்ல. யாரைக் கேட்டு, எதைக் குறைத்துவிட்டு என்பதுதான்.

அந்தக் கேள்வியை நீதிமன்றங்கள்தான் இப்போது கேட்கின்றன. 1995இல் பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் சூப்பர் லீக் வழக்கில், வெளிப்படையான அளவுகோல் இல்லாமல் புதிய போட்டிகளுக்கு அனுமதி மறுக்கும் விதிகள் சட்டவிரோதம் என்றது. 2024 அக்டோபரில் லசானா டியாரா வழக்கில், ஒப்பந்தத்தை முறித்த வீரரைச் சேர்க்கும் புதிய கிளப்பையும் இழப்பீட்டில் மாட்டிவிடும் ஃபிஃபா விதி செல்லாது என்றது. ஃபிஃபா அவசரமாக இடைக்கால விதி எழுத வேண்டியதாயிற்று. வீரர் மாற்றச் சந்தை ஆட்டம் காணுமானால், வீரரை விற்றுப் பிழைக்கும் நடுத்தரக் கிளப்புகள்தான் முதலில் விழும். அவற்றுக்கு மாற்று வருமானம் என்ன என்று எந்தச் சங்கமும் இதுவரை சொல்லவில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று 2022 ஆகஸ்டில் இந்தியாவையும், 2023 ஜனவரியில் இலங்கையையும் ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஒரு நாட்டின் கால்பந்தையே நிறுத்திவைக்கும் அதிகாரம் அது. அதைவிட ஆழமான காயம் உள்ளூரில் எழுதப்பட்டது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகள் அனைத்தையும் 15 ஆண்டுகளுக்கு ரூ. 700 கோடிக்கு ஒரே கூட்டாளியிடம் கொடுத்தது. அதிலிருந்துதான் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிறந்தது. சென்னை அணியான ‘சென்னையின் எஃப்சி’ இருமுறை அதன் கோப்பையை வென்றது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8 என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். மாற்று ஏற்பாடு செய்ய 15 ஆண்டுகள் இருந்தும் யாரும் செய்யவில்லை. 2025 ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னை உட்பட வேறு அணிகளும் முடங்கின.

பிறகு கூட்டமைப்பு புதிய டெண்டர் விட்டது. கேட்டது மறுபடியும் 15 ஆண்டு ஒப்பந்தம்தான். 2025 நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்கவில்லை.